கிணுப்பு என்று பேர் வைத்தது யார்

மெக்கானிக் பிளக்கைப் பிடுங்கியதும் குஞ்சு பொரிக்கிற பெட்டியின் விசிறி நின்றது. கூடத்தில் அதுவரை இருந்த இரைச்சல் அடங்கியது. கையில் ஸ்க்ரூடிரைவரோடு கதவுப் பக்கம் குனிந்தவர் அப்படியே நின்றார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். ஒரு விரலைத் தூக்கினார்.

"அண்ணே, உள்ள கிணுப்பு ஆரம்பிச்சிருச்சு. இப்ப இந்தக் கதவைத் திறக்கக் கூடாது. பார்ட்டை நாளன்னிக்கு வந்து மாத்தறேன்."

சொல்லிவிட்டுப் பிளக்கை மறுபடி மாட்டினார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

முட்டைக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். அந்த ஆளை அவர் அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார். வழக்கமாக வரும் மெக்கானிக் கையை உடைத்துக்கொண்டு படுத்துவிட்டதால் கம்பெனியில் இவரை அனுப்பியிருந்தார்கள். நெட்டையான ஆள். அறுபது வயதுக்குத் தலை நிறைய முடி, வாய் நிறையப் பல். அதையெல்லாம்கூட முட்டைக்காரர் பொறுத்துக்கொண்டார். ஆனால் அந்த வார்த்தை இவர் வாயில் எப்படி வந்தது? அந்த நொடி வரை மனசுக்குள் 'அவர்' ஆக இருந்த ஆள், அந்த நொடியோடு 'அவன்' ஆகிவிட்டான்.

ஏனென்றால் கிணுப்பு என்பது முட்டைக்காரர் வீட்டு வார்த்தை. முட்டை பொரிய ஒரு நாள் இருக்கும்போது, ஓட்டில் இன்னும் ஒரு கீறல்கூட விழாத நேரத்தில், குஞ்சு உள்ளே இருக்கிற காற்றறைக்குள் மூக்கை நுழைத்து முதல் மூச்சு விடும். அப்போது ஒரு சத்தம் போடும். கீச்சு என்று அதைச் சொல்ல முடியாது, அதைவிடச் சின்னது. தட்டுகிறது என்றும் சொல்ல முடியாது, தட்டுவது அதற்குப் பிறகு. அந்தச் சத்தத்துக்குத்தான் கிணுப்பு என்று பேர். கல்யாணம் ஆன முதல் வருஷம், புதிதாக வாங்கிய பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, ஒரு முட்டையைக் காதில் வைத்துக்கொண்டு, "என்னங்க, கிணுப்பு வந்தாச்சு!" என்று அவர் மனைவி சிரித்தாள். அன்று தனக்காகவே அவள் அதை உண்டாக்கினாள் என்று நினைத்தவர், முப்பத்தெட்டு வருஷமாக அப்படியே நினைத்துக்கொண்டிருந்தார். சந்தையில் முட்டை விற்பவன் எவனுக்கும் அந்த வார்த்தை தெரியாது. கோழி டாக்டருக்கே தெரியாது. நாலாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்ட மனுஷனிடம் படித்தவனிடம் இல்லாத ஒரு வார்த்தை இருந்தது. அது போதுமாக இருந்தது.

அந்தக் கூடத்தில் வேலை நடப்பதே அந்த வார்த்தையை வைத்துத்தான். மற்ற ஹேச்சரிகளில் முட்டை வைத்த தேதியைப் பார்த்து நாள் கணக்குப் போடுவார்கள். இங்கே வருவது பாதி முட்டை நாள் தெரியாத முட்டை. கோழி பாதியில் அடையை விட்டு எழுந்துவிட்டது, வேறு ஒருவர் மெஷின் கெட்டுவிட்டது, பழைய முட்டையும் புது முட்டையும் கலந்துவிட்டது என்று கொண்டுவருவார்கள். ஒரு நாளைக்கு நாலு தடவை முட்டைகளைப் புரட்டிவிட வேண்டும். ஆனால் கிணுப்பு வந்துவிட்டால் புரட்டக் கூடாது. தட்டில் தண்ணீர் நிரப்பிக் கதவை மூடிவிட வேண்டும். திறந்தால் உள்ளே இருக்கும் ஈரம் போய், தோல் காய்ந்து, குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். அதனால் அவர் மனைவி தினமும் தட்டுக்கு நாலு முட்டை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பாள். அவள் கிணுப்பு என்று சொன்னதும் அவர் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அவள் கேட்டால்கூடக் கொடுக்க மாட்டார்.

இதில் யாருக்கும் தெரியாத ஒரு சங்கதி உண்டு. முட்டைக்காரருக்கு அந்தச் சத்தம் ஒரு நாளும் கேட்டதில்லை.

வாலிபத்தில் ஆறு வருஷம் கல் உடைக்கிற மெஷின் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர். பேச்சு கேட்கும், லாரி கேட்கும், நூறு குஞ்சு சேர்ந்து கத்தினால் கேட்கும். ஊசி போன்ற சத்தங்கள் மட்டும் காதுக்குள் ஏறாது. கல்யாணமான புதிதில் அவள் முட்டையை அவர் காதில் வைத்து, "கேக்குதா?" என்றபோது, செவிட்டு மாப்பிள்ளை என்று பேர் வந்துவிடும் என்று பயந்து, "ஆமா, கேக்குது" என்று சொல்லிவைத்தார். சொன்னதைத் திரும்ப எடுக்க அதற்கப்புறம் தோதான நாள் ஒன்றும் வரவில்லை.

இப்போது எவனோ ஒரு நெட்டையன் வந்து, முட்டையைக் கையில்கூட எடுக்காமல், மூடிய கதவு வழியாகவே கேட்டுவிட்டுப் போகிறான். முட்டைக்காரர் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் திணித்தார்.

கடைக்குப் போயிருந்த மனைவி பையோடு வந்தாள். பூட்டைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினாள்.

"என்ன, பூட்டு தொங்குது? காலைல ஒண்ணும் இல்லையே."

"வந்தாச்சு."

"அட! நீங்களே கேட்டுட்டீங்களா?"

"பின்ன? உனக்கு மட்டும்தான் காது இருக்கா?" என்றார் முட்டைக்காரர். மெக்கானிக் சொன்னதை அவர் சொல்லவில்லை. அவன் அந்த வார்த்தையைச் சொன்னான் என்று இவளிடம் சொன்னால், இவள் முகம் எப்படி மாறும் என்று பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் காலையில் சவரம் செய்துகொண்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக நூலகத்துக்குப் போனார். அவர் போட்ட கணக்கு சாதாரணமானது. அந்த வார்த்தை புத்தகத்தில் இருந்தால் அது ஊர்ப் பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நெட்டையனும் சொல்லலாம். அவளும் சொல்லலாம். புத்தகத்தில் இருந்துவிட்டால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

நூலகத்தில் மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட அம்மா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"பறவை போடற சத்தத்துக்கெல்லாம் என்னென்ன பேருன்னு ஒரு புஸ்தகம் வேணும்."

"பேத்திக்குப் பரீட்சையா?"

"பேத்தியும் இல்ல, பரீட்சையும் இல்ல. எனக்குத்தான்."

அந்த அம்மா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தலையணை மாதிரி ஒரு அகராதியையும் ஒரு இலக்கணப் புத்தகத்தையும் எடுத்து வந்தாள். விரலை வைத்துப் படித்தாள்.

"குயில் கூவும். மயில் அகவும். காகம் கரையும். கிளி கொஞ்சும். புறா குனுகும். ஆந்தை அலறும். கூகை குழறும்..."

"கோழி?"

"கோழி கொக்கரிக்கும். சேவல் கூவும்."

"குஞ்சு?"

"குஞ்சுக்குத் தனியா ஒண்ணும் போடலையே."

"முட்டைக்குள்ள இருக்கற குஞ்சு?"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "ஐயா, முட்டைக்குள்ள இருக்கும்போது அது எதுக்குக் கத்துது?"

"கத்தும். கிணுப்பும்னு சொல்வாங்க. கிணுப்பு. பாருங்க."

அவள் பொறுமையாகப் புரட்டினாள். "கிண்டல் இருக்கு. கிண்ணம் இருக்கு. கிணறு இருக்கு. கிணுகிணுன்னுகூட இருக்கு, மணிச்சத்தம். கிணுப்பு இல்லீங்களே."

"நல்லாப் பாரும்மா. பெரிய புஸ்தகமா இருக்கு, எங்கயாவது ஒளிஞ்சிருக்கும்."

"கிணத்துல விழுந்துடுச்சோ என்னவோ" என்று அவள் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "எங்க கேட்டீங்க இந்த வார்த்தைய?"

"வீட்ல."

"அப்ப அது வீட்டு வார்த்தை. எல்லா வீட்லயும் ரெண்டு மூணு இருக்கும். யாரோ ஒருத்தர் ஒரு நாள் சொல்லியிருப்பாங்க, அப்படியே ஒட்டிக்கும். புஸ்தகத்துக்கு வராது."

யாரோ ஒருத்தர். முட்டைக்காரர் படியிறங்கி வரும்போது அந்த ரெண்டு வார்த்தையும் செருப்பில் புகுந்த கல்லாகக் கூடவே வந்தன. வீட்டு வார்த்தைதான், சரி. எந்த வீட்டு வார்த்தை?

மூன்றாம் நாள் மெக்கானிக் வந்தான். முந்தின இரவே குஞ்சுகள் நன்றாகப் பொரிந்திருந்தன. மனைவி அவற்றை அட்டைப்பெட்டிகளில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளை எங்காவது அனுப்பிவைக்கலாமா என்று முட்டைக்காரர் காலையிலிருந்து யோசித்தார். அனுப்பினால் சந்தேகம் தீராது. இருக்க வைத்தால் பார்க்க வேண்டியிருக்கும். பார்த்துவிடுவது என்று முடிவெடுத்து, இரண்டு முகமும் தெரிகிற இடமாகப் பார்த்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

மெக்கானிக் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தான். மனைவி கையில் குஞ்சோடு திரும்பினாள்.

"நீங்களா?" என்றாள் அவள்.

"நல்லா இருக்கியா?" என்றான் அவன்.

"நல்லா இருக்கேன்."

அவ்வளவுதான். அவள் குஞ்சைப் பெட்டியில் விட்டாள். அவன் பையைத் திறந்தான். அரை மணி நேரம் பார்ட்டை மாற்றினான், சூட்டை அளந்தான், கம்பெனிக் காகிதத்தில் முட்டைக்காரரிடம் கையெழுத்து வாங்கினான், போனான். போகும்போது அவளிடம் வரேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

'இருக்கியா' என்று கேட்டானே, அதை முட்டைக்காரர் எடைபோட்டுப் பார்த்தார். அடுத்தவன் பெண்டாட்டியை, அதுவும் ஐம்பத்தெட்டு வயதுக்காரியை, முதல் வார்த்தையிலேயே ஒருமையில் கேட்கிறான். அது ஒரு குற்றம். சொல்லிக்கொள்ளாமல் போனான். சொல்லிக்கொண்டு போயிருந்தால் அதுவும் குற்றமாகத்தான் இருந்திருக்கும், ஆனால் சொல்லாமல் போனது பெரிய குற்றம். சொல்லிக்கொள்ளத் தேவையில்லாத பழக்கம் என்று அர்த்தம்.

"யாரது?" என்று கேட்டார், குரலை ரொம்பச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"அப்பாவோட முட்டை ஷெட்டுல வேலை பார்த்தவர். கல்யாணத்துக்கு முந்தி."

"எவ்வளவு முந்தி?"

"முந்தின்னா முந்திதான். இந்தப் பெட்டியைப் பிடிங்க, கனமா இருக்கு."

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாத முகத்தை முட்டைக்காரர் என்றைக்குமே நம்பியதில்லை.

அவளுடைய தம்பி பஸ் நிலையத்துக்குப் பின்னால் தையல் கடை வைத்திருந்தான். முட்டைக்காரர் பட்டன் தைக்கிற சாக்கில் அங்கே போனார். போகிற வழியில் சட்டைப் பட்டனைத் தானே பிய்த்துக்கொண்டார்.

"வாங்க அத்தான். என்ன, பட்டன் தானா விழுந்துதா, அக்கா பிடிச்சு இழுத்தாளா?"

"உன் அக்காவுக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம். ஏன் மாப்ளே, உங்க அப்பா ஷெட்டுல நெட்டையா ஒருத்தன் இருந்தானாமே."

தையல்காரன் ஊசியில் நூல் கோக்கிறவனாக வெளிச்சத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் கோத்தான்.

"இருந்தாரு. மூணு வருஷம்."

"என்ன வேலை?"

"முட்டை புரட்டறது. அவரும் அக்காவும்தான் புரட்டுவாங்க. நான் அப்பப் பொடியன்."

"கிணுப்புங்கற வார்த்தைய உங்க வீட்ல யாரு முதல்ல சொன்னது?"

"இதென்ன கேள்வி அத்தான்? அக்கா சொல்லுவா. அவரும் சொல்லுவாரு. நானும் சொல்லுவேன். யாரு முதல்லன்னு நான் என்ன சினிமாவா பிடிச்சு வச்சிருக்கேன்?"

"ரெண்டு பேரும் சொல்லுவாங்க."

"ஆமா."

"ஒரே நேரத்துலயா?"

"அத்தான், பட்டன் தச்சாச்சு. வீட்டுக்குப் போங்க. முகம் ஒரு மாதிரி இருக்கு, வெயில் ஒத்துக்கல போல."

வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அவர் அந்த ஷெட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒரு பெஞ்சு. ஒரு பக்கம் அவள், இன்னொரு பக்கம் அவன். நடுவில் முட்டை. இவள் ஒன்றைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு அவனிடம் நீட்டுகிறாள். அவன் கேட்கிறான். அவனுக்குக் கேட்கிறது! அந்த இடம்தான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. அவன் கையைப் பிடித்திருந்தால்கூட, போகட்டும், வயசு என்று விட்டிருப்பார். தனக்கு முப்பத்தெட்டு வருஷமாக வெறும் வார்த்தையாக இருப்பது அவனுக்குச் சத்தமாகவே இருந்திருக்கிறது. அவள் கிணுப்பு என்று சொல்லும்போதெல்லாம் அவன் கேட்டதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"இந்தா, இங்க பாரு. இனிமே இந்த வீட்ல அந்த வார்த்தையைச் சொல்லாதே."

"எந்த வார்த்தை?"

"அதுதான். பொரியறதுக்கு முந்தி சொல்றது."

"கிணுப்பா?"

"சொல்லாதேன்னா சொல்றியே!"

அவள் கரண்டியோடு நின்று அவரைப் பார்த்தாள். "ஏன்?"

"எனக்குப் பிடிக்கல. முப்பத்தெட்டு வருஷம் சொல்லியாச்சு, போதும்."

"அதுக்கு வேற என்னன்னு சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். அந்தப் பேச்சே வேண்டாம். ஜாடையும் காட்டாதே."

வேறொருத்தியாக இருந்தால் சண்டை போட்டிருப்பாள். இவள் அவர் தள்ளி வைத்த தட்டை எடுத்து மூடிவைத்தாள். பிறகு, "சரி" என்றாள். அவள் சரி என்றால் சரிதான், அதில் மேலேயும் கீழேயும் போக மாட்டாள்.

அந்த வாரம்தான் பண்ணைக்காரம்மா வந்தாள். ஆட்டோவில் இருநூற்று நாற்பது முட்டை. அவள் மெஷின் புகைந்துவிட்டது. வேலைக்காரன் தேதி எழுதிய தாளைத் தண்ணீரில் போட்டுவிட்டான்.

"பத்து நாள் ஆச்சோ, பதிமூணு ஆச்சோ, சத்தியமாத் தெரியல. நல்ல ஜாதிக் கோழி, மறுபடி கிடைக்காது. உங்க வீட்டம்மா காதைத்தான் நம்பி வந்திருக்கேன்."

"கவலைப்படாதீங்க" என்றாள் மனைவி.

முட்டைகளைப் பெட்டியில் அடுக்கினார்கள். முட்டைக்காரர் நாளுக்கு நாலு தடவை புரட்டினார். மனைவி தினமும் தட்டுக்கு நாலு எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள், வைத்தாள், போனாள். அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்கலாமா என்று நாக்கு வரைக்கும் வந்தது. தானே சொல்லாதே என்றுவிட்டு எப்படிக் கேட்பது? அதோடு, கேட்டால் அவள் அந்த வார்த்தையைச் சொல்வாள். சொன்னால் அந்தப் பெஞ்சு ஞாபகம் வரும். புரட்டுவதை நிறுத்தப் பதினெட்டு நாள் கணக்கு வைத்துக்கொள்வோம், வந்த அன்று பத்து என்றே வைப்போம் என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். இத்தனை வருஷம் நாள் கணக்குப் பார்க்காத ஆள்.

ஏழாம் நாள் காலையில் அவள் முட்டையைக் காதில் வைத்துவிட்டு, நேராகப் போய்த் தட்டில் தண்ணீர் நிரப்பினாள். அது தினமும் செய்வதுதான் என்று அவர் நினைத்தார். அன்று மத்தியானம் அவள் தம்பி வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு மறுநாள் சாயங்காலம் வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். பெட்டியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "பார்த்துக்கங்க" என்றாள்.

அவர் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். அன்று இரண்டு தடவை, மறுநாள் மூன்று தடவை கதவை அகலமாகத் திறந்து, இருநூற்று நாற்பதையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசித் தடவை புரட்டும்போது விரலில் சில்லுச் சில்லாக ஏதோ தட்டுப்பட்டது. பாதி முட்டைகளில் விரிசல் இருந்தது. விரிசலுக்குள் தோல் காகிதமாகக் காய்ந்திருந்தது.

மனைவி சாயங்காலம் வந்து பார்த்தபோது அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பெட்டி திறந்து கிடந்தது. அவள் ஒரு முட்டையை எடுத்தாள், இன்னொன்றை எடுத்தாள். ஓட்டைக் கிள்ளிப் பார்த்தாள். குஞ்சு முழுசாக வளர்ந்து, ஓட்டோடு ஒட்டி, செத்திருந்தது. இருநூற்று நாற்பதில் முப்பத்தொன்று பிழைத்தது.

"திறந்தீங்களா?"

"புரட்டினேன்."

"கிணு... அது வந்தப்பறம் புரட்டினீங்களா? உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"நீ ஏன் சொல்லல?"

"நீங்கதானே சொல்லாதேன்னீங்க! ஜாடைகூடக் காட்டாதேன்னீங்க!"

"அதுக்காக? இருநூத்து நாப்பது உசுரு! பழி வாங்கறியா?"

"பழியா?" என்றாள் அவள். "நான் எதுக்கு சொல்லணும்? உங்களுக்குத்தான் கேக்குமே! போன தடவை நீங்களேதானே கேட்டுப் பூட்டுப் போட்டீங்க? எடுத்த ஒவ்வொரு முட்டையிலயும் சத்தம் இருந்துச்சு. பூட்டுப் போட்டுப்பீங்கன்னுதானே நான் நிம்மதியாப் போனேன்? எப்படிங்க கேக்காம போகும்?"

முட்டைக்காரர் தரையைப் பார்த்தார். பொய் சொல்ல இடம் தேடினார். கிடைக்கவில்லை. கிடைக்காத ஆத்திரத்தில் உண்மை வெளியே வந்து விழுந்தது.

"எனக்குக் கேக்காது! போதுமா? அந்த நெட்டையனுக்குக் கேக்கும், எனக்குக் கேக்காது! அன்னிக்கும் அவன்தான் சொன்னான். போய் அவனையே கூட்டிட்டு வந்து பெஞ்சுல உக்கார வச்சுக்கோ!"

அவள் கையில் இருந்த முட்டையைத் தட்டில் வைத்தாள்.

"எப்பலேர்ந்து கேக்காது?"

"எப்பவுமே."

"முதல் வருஷம், பெட்டி வாங்கின அன்னிக்கு, உங்க காதுல வச்சேனே."

"அன்னிக்கும்."

"ஆமான்னீங்க."

"சொன்னேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் தன் கேள்வியை விடுகிற ஆள் இல்லை.

"அந்த வார்த்தை அவன் வச்சதுதானே?"

"ஆமா" என்றாள், தலை நிமிராமல். "சத்தத்தை முதல்ல கேட்டது நான். அவர்கிட்ட காட்டினேன். என்ன இது, கிணுகிணுன்னு ஒரு கிணுப்புன்னாரு. அவர் வாய்ல வந்துச்சு. எனக்குப் பிடிச்சிருந்துச்சு, எடுத்துக்கிட்டேன்."

"அவனையும் எடுத்துக்கலாம்னு இருந்தே."

"இருந்தேன். ஆறு மாசம் இருந்தேன். ஒரு நாள் வேற வேலை கிடைச்சுதுன்னு போனாரு, ஒரு வார்த்தை சொல்லல. வார்த்தை மட்டும் எங்கிட்ட நின்னுடுச்சு. கட்டிக்கிட்டு வரும்போது அதை மட்டும் எங்க விட்டுட்டு வர்றது?" இப்போது நிமிர்ந்தாள். "அதை நீங்க கேட்டிருந்தா முதல் வருஷமே சொல்லியிருப்பேன். நான் ஒளிக்கல. நீங்கதான் ஒளிச்சீங்க. ரெண்டு பேருமாச் சேர்ந்து கேக்கறோம்னு நினைச்சேன். தனியாத்தான் கேட்டிருக்கேன், இத்தனை வருஷமும்."

முட்டைக்காரர் அவளைத்தான் கள்ளி என்று இத்தனை நாளாக மனசுக்குள் விசாரித்துக்கொண்டிருந்தார். இப்போது கூண்டில் நிற்பது யார் என்று அவருக்கே விளங்கிவிட்டது. அதற்காகப் பொறாமை குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது பாட்டுக்கு அது இருந்தது.

பண்ணைக்காரம்மா முப்பத்தொரு குஞ்சை வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை திட்டாமல் போனாள். திட்டியிருக்கலாம்.

அதன் பிறகு மனைவி அவரோடு ஒன்பது நாள் பேசவில்லை. தட்டு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், தேவையானதைச் சுவரைப் பார்த்துச் சொல்வாள். பெட்டியில் வேறு முட்டைகள் போட்டிருந்தார்கள். அவர் புரட்டினார். அவள் காதில் வைத்துப் பார்த்தாள். கோபத்தை விட அவள் தனியாகக் கேட்கிறாள் என்பதுதான் அவரைத் தின்றது. இப்போது அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

பத்தாம் நாள் காலை அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தினசரியைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவள் பெட்டியிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக் கேட்டாள். வைக்கப் போனவள் வைக்காமல் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"கிணுப்பு வந்தாச்சு" என்றாள். அந்த வார்த்தையை அழுத்திச் சொன்னாள், என்ன செய்வீர்கள் என்கிற மாதிரி.

அவர் பூட்டை எடுக்க எழுந்தார்.

"இருங்க. உக்காருங்க. கண்ணாடியைக் கழட்டுங்க. கன்னத்தைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்கன்னா."

முட்டையின் அகலப்பக்கத்தை அவர் கன்னத்து எலும்பில் வைத்தாள். "தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல" என்றார். அவள் முட்டையை வைத்துக் கேட்டபோது முதல் தடவையாக உள்ளதைச் சொன்னார்.

"சவரம் பண்ணாம சொரசொரன்னு வச்சிருந்தா எப்படித் தெரியும்? கண்ணை மூடுங்க."

மூடிய இமைமேல் முட்டையைப் பட்டும் படாமலும் வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் அது மட்டும்தான் இருந்தது. பிறகு, ஓட்டுக்குள் இருந்து யாரோ நகத்தால் ஒரு தடவை சுண்டின மாதிரி, ஒரு துடிப்பு. நின்றது. மறுபடி ஒன்று. அது காதுக்கு வரவில்லை. கண் வழியாகப் போய் எங்கேயோ நெஞ்சுக்குள் தட்டியது. முட்டைக்காரர் மூச்சை விடவில்லை.

"இதுதானா?"

"இதுதான்."

அவர் அதோடு பேசாமல் இருந்திருக்கலாம். அவரால் முடியாது.

"அவனுக்கும் இப்படிக் கண்ணுல வச்சுக் காட்டினியா?"

"அவருக்கு எதுக்கு?" என்றாள் அவள். "அவருக்குத்தான் காது இருந்துச்சே."

முட்டைக்காரர் அந்தப் பதிலைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஓட்டை தெரியவில்லை. இருந்தாலும் உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

"அப்ப இது எனக்கு மட்டும்தானே?"

"தலையை ஆட்டாதீங்க. முட்டை விழுந்துடும்."